என் இலையில் இவர் பாதி

ஆகஸ்ட் 17, சனி

ஆடி முடிந்தது. காற்று முடியவில்லை. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில். மகள் உமாதான் ஏணி வைத்து எடுத்தாள்.

பள்ளி அரை நாள். எட்டாம் வகுப்பு வரைபடத் தாள்கள் இன்னும் திருத்தவில்லை. தாமிரபரணியை வங்காளத்தில் ஓட விட்டிருக்கிறது ஒரு குழந்தை.

காலை: இட்லி ஒன்று, நன்றாக மென்று. பத்தரைக்குச் சுண்டல் ஒரு கை. மதியம் சின்னச் சம்புடத்தில் தயிர்ச்சோறு. அரை மணி கழித்துத் தண்ணீர். மாலை முறுகல் தோசையின் ஓரம் மட்டும். நடுப்பாகம் இறங்காது, மாவு போய் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். மிச்சம் வழக்கம்போல் இவருக்கு.

இந்த மாதத்தோடு பதினோரு வருஷம். அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் தம்பி என்னை அங்கே வரவழைத்து, வயிற்றைக் குறுக்கித் தைக்க ஏற்பாடு செய்தான். போகும்போது விமானத்தில் பெல்ட் எட்டவில்லை. வரும்போது பெல்ட்டில் மிச்சம் தொங்கியது. ஊருக்குச் சொன்னது, பித்தப்பையில் கல். உண்மை தெரிந்தவர்கள் இவர், நான், தம்பி, பிறகு உமா. சோற்றைக் குறைக்கத் துப்பில்லாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. இன்றைக்கும் அந்தப் பயம்தான்.

25ஆம் தேதி சேர்மாதேவி. மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும். அவர்கள் வந்து உமாவைப் பார்த்தாயிற்று, ஜாதகம் பொருந்தியாயிற்று, இரண்டு பக்கமும் பிடித்தாயிற்று. நாங்கள் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டால்தான் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். நல்ல வழக்கம்தான், வயிறு இருக்கிறவர்களுக்கு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உமாவுக்கு ரிப்பன், என் இரும்புச்சத்து மாத்திரை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டவுணில் கணக்கு டீச்சர் வீட்டுப் பால்காய்ப்பு. கீழ ரத வீதியில் சைக்கிள் விடக்கூட இடமில்லை. முகூர்த்த நாள்.

பந்தியில் இவர் என் வலப்பக்கம். எப்போதும் அப்படித்தான். இலையில் எல்லாம் விழுந்ததும் நான் இடப்பாதியில் மட்டும் கை வைப்பேன். வலப்பாதி தொடாமல் கிடக்கும். பரிமாறுகிறவர் அந்தப்பக்கம் திரும்பியதும் இவர் கை வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். எத்தனை பந்தி, எத்தனை வடை. இலையில் மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம், பாதியில் இலையை மூடினால் அவமானம். இரண்டுமில்லாமல் என்னைக் கரையேற்றுகிற கை அது.

இன்று பிடிபட்டோம். எதிர் வரிசைக்காரர் ஒருவர்: "எங்க ஊர்ல புருஷன் இலையில பொண்டாட்டி சாப்பிடுவா. இங்கன தலைகீழால்லா இருக்கு வே."

இவர் அசரவில்லை. "அவளுக்கு விரதம் வே. வீணாக்கக் கூடாதுல்லா."

விரதம் என்றால் ஊரே ஒதுங்கிவிடும். சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம், சோமவாரம், எதுவும் இல்லாத நாளில் குலதெய்வத்துக்கு நேர்ந்தது. எனக்குப் பெரிய பக்தை என்று பெயர். கணக்கு டீச்சரின் மாமியார் என் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். கூசியது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டைப் பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கடியில் போனது. இந்த வருஷம் இது மூன்றாவது சட்டை. என்னிடமிருந்து இறங்கியதெல்லாம் இவர் மேல் ஏறியிருக்கிறது என்று கேலி செய்தேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டாம் பீரியடில் ஆள் வந்தது. பேட்டையில் இவர் கணக்குப் பார்க்கும் பட்டறையில் தலைசுற்றி விழுந்துவிட்டாராம். ஆட்டோவில் பாளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என்னென்னவோ நினைத்தேன். போய்ப் பார்த்தால் டாக்டர் அறையில் உட்கார்ந்து சோடா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரத்தப் பரிசோதனை. சீனி மிக அதிகம். பிரஷரும்.

டாக்டர் சின்ன வயசு. "என்ன சார் சாப்பிடுறீங்க?"

"எல்லாரையும் போலத்தான். மூணு வேளை."

மூன்று வேளைதான். ஒவ்வொரு வேளையும் ஒன்றே முக்கால் ஆள் சாப்பாடு.

டாக்டர் என்னைக் காட்டினார். "அம்மாவைப் பாருங்க, எவ்வளவு அளவா இருக்காங்க. வீட்டிலேயே உதாரணம் இருக்கே சார். இப்படியே போனா கண்ணு, கிட்னி, காலு எல்லாம் போகும். பயமுறுத்தச் சொல்லல."

பயமாகத்தான் இருந்தது. வெளியே வந்து மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். இவர் சோடா குடித்தார். இனிப்பில்லாதது.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றும் காற்று. கண்ணில் மண்.

காலையில் இவருக்கு அளவாக இட்லி வைத்தேன். தின்றுவிட்டு என் தட்டைப் பார்த்தார். நான் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சொன்னேன், 25ஆம் தேதி அங்கே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று.

"என்னளா பேசுத? வயித்த அறுத்தவன்னா அவுக என்ன நினைப்பாக? பெரிய வியாதியை மறைக்கோம்னுதான் நினைப்பாக. தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வரும்பாக."

"நீங்க விழுந்து கிடந்தது நேத்து."

"ஒரு நாளுதானே. அன்னைக்கு மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

"ஒரு நாளு இல்ல. அன்னைக்கு ஆரம்பிச்சா நிச்சயம், கல்யாணம், மறுவீடு, தலைதீபாவளின்னு போயிட்டே இருக்கும்."

"போகட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகாது என்று யார் எழுதிக் கொடுத்தது? கோபத்தில் பாலை அடுப்பிலேயே விட்டுப் பொங்க விட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு ஒத்திகை. சேர்மாதேவியில் சொதி வைப்பார்கள் என்று கேள்வி. நானும் வீட்டில் சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, ஒரு முழு இலை போட்டு உட்கார்ந்தேன். இவர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. யார் உதவியும் இல்லாமல் எவ்வளவு இறங்கும் என்று பார்க்கலாமே.

தேங்காய்ப்பாலும் காயும் சுகமாக இறங்கின. சோறு நாலு வாய். ஐந்தாவது வாய் நெஞ்சுக்குழியில் நின்றது. ஆறாவதைப் போட்டேன், அறிவுகெட்டவள். கொல்லைப்புறம் போய்க் குனிந்து நின்றேன். அரை மணி. வியர்வை, எச்சிலாக ஊறுகிறது, கண்ணீர். கடைசியில் எல்லாம் வெளியே. ஆசையாக வைத்த சொதி.

உமா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிரும்மா. இதுக்காக வேண்டாம்னு சொல்லுத வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்?"

வீரமாகத்தான் சொன்னாள். அப்புறம் அறைக்குள் போய் மாப்பிள்ளைப் பையனின் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. எனக்கு வயிற்றைவிட மேலே வலித்தது.

ஆகஸ்ட் 24, சனி

நாளைக்கு: வெற்றிலை பாக்கு, பழம் இரண்டு சீப்பு, மல்லிகை, கார் ஏழரைக்கு.

இவர் மாத்திரை போடுகிறார். போட்டால் போதும் என்று நினைக்கிறார். "மாத்திரை எதுக்கு இருக்கு, நாளைக்கு ரெண்டா போட்டுக்கிடுதேன்."

உமா தலை பின்னிக்கொண்டே, "அப்பா, நீங்களும் படிச்சவங்கதானே?" என்றாள்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், மறந்துபோகுமுன். மறக்காது.

சேர்மாதேவி வரை வழியெல்லாம் கார்ப்பருவ நெல் பழுத்துக்கிடக்கிறது. ஆற்றுப் பாலத்தில் மாடுகள், பத்து நிமிஷம் தாமதம். நாங்கள் இருவர், இவருடைய அண்ணன், மதினி. பெண்ணை அழைத்துப் போகிற வழக்கமில்லை என்பதால் உமா வீட்டில்.

நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு, கலகலப்பு. நடக்கும்போது மூச்சு வாங்குகிறது. எனக்கு அந்த மூச்சு தெரியும். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "மதினி, இன்னைக்கு எந்த விரதமும் இல்லைன்னு பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் நாள் வச்சோம். உங்க பக்திதான் ஊருக்கே தெரியுமே."

போச்சு.

பெண்ணைப் பெற்றவர்கள் என்று என்னையும் இவரையும் சேர்த்து நடுவில் உட்காரவைத்தார்கள். முழு வாழை இலை. சொதி, உருளைக்கிழங்கு வறுவல், அவியல், இரண்டு பச்சடி, பாயசம், அப்பளம் இலையை மறைத்தது. அந்த அம்மா தன் கையால் கரண்டி நிறைய அல்வா வைத்தார், எனக்கும் இவருக்கும். நெய் ஓடியது. அல்வாவில் ஒரு விள்ளல் உள்ளே போனால் எனக்கு நெஞ்சு படபடத்து, வியர்த்து, படுக்க வேண்டும். அல்வாவுக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு இப்படி ஒரு உடம்பு.

"இனிப்பா ஆரம்பிங்க மதினி."

இவர் முதலில் தன் அல்வாவை முடித்தார். ஒரே வாய். அந்த அம்மா திரும்பியதும் இவர் கை என் இலைக்கு வந்தது.

அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இவர் இழுத்தார். நான் விடவில்லை. இரண்டு பேர் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு. ரொம்பக் குண்டா இருந்தேன், அதுக்காகப் பண்ணினது. ஒரு கைச் சோத்துக்கு மேல முடியாது. இத்தனை வருஷமா என் இலையை இவுகதான் முடிக்காக. இப்ப இவுகளுக்குச் சீனி வந்திருக்கு. உங்க வீட்டுச் சாப்பாடு வேண்டாம்னு இல்ல."

சொதி வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். அடுக்களைப் பக்கம் ஒரு குரல்: "குண்டுக்கெல்லாமா அறுப்பாக?"

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அப்ப விரதம்?"

"சஷ்டி நிசம். மத்ததெல்லாம் வயிறு."

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரித்துவிட்டு, பிறகு அடக்கிக்கொண்டார்.

"பெரிய வியாதி ஒண்ணும் இல்லியே?" அந்த அம்மாதான் கேட்டார்.

"இல்ல. பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. அவ உக்காந்தா மூணு தோசை சாப்பிடுவா."

அவர் கணவரைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இலை முன்னால். இவர் காது சிவந்திருந்தது. இவருடைய அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். உமா வாசலில் எங்கள் காருக்காக நிற்பாள் என்று நினைத்தேன். என்ன முகத்தோடு இறங்குவேன்? வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. பொய் எதற்கு, தோன்றியது.

திரும்பி வந்தவர் கையில் ஒரு சின்னக் கிண்ணம். சொதியில் பிசைந்த சோறு, குழந்தைக்குப் போல. "இதை முடிச்சிருவீயளா மதினி?"

"முடிச்சிருவேன்."

"அப்பப் பைய முடிங்க. அவசரமில்ல. நாலு மணிக்கு ஜோசியர் வாராரு, நாள் குறிக்கணும்." என் அல்வாவை வழித்து எடுத்தவர், இவர் இலைப் பாயசத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். "அண்ணாச்சிக்கும் வேண்டாம். சீனியாம்லா."

கிண்ணத்தை முடித்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி வாயின்போது மெதுவாகக் கேட்டார். "பசிக்குமா மதினி?"

இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. பசிக்கும் என்றேன். அழுகை வந்துவிட்டது. தை மாதம் கல்யாணம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இவர் பேசவில்லை. நேற்றுக் காரிலும் பேசவில்லை. உமா சந்தோஷத்தில் இரண்டு பாத்திரத்தை உடைத்தாள்.

இரவுச் சாப்பாட்டைக் கூடத்தில் தனியாகச் சாப்பிட்டார், செய்தித்தாளை விரித்துக்கொண்டு. நேற்றைய செய்தித்தாள்.

வரைபடத் தாள்கள் முடிந்தன.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மாதாந்திரச் சத்து ஊசி போட்டாயிற்று. கை வலி.

மாலையில் நானே கேட்டேன். பாயசத்தை எடுத்ததற்காகவா இவ்வளவு கோபம்?

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "பாயசம் கிடக்கட்டும். நீ அங்கன இருந்து வந்த புதுசுல மூணு ஸ்பூன் கஞ்சியில எந்திரிச்சிருவ. செத்துப்போவேன்னு நினைச்சேன். யார்ட்ட சொல்ல? தட்டு காலியானா நீ சாப்பிட்ட மாதிரி எனக்கு ஒரு இது. அப்படியே பழகிட்டு. இனி உன் பக்கத்துல உக்காந்து நான் என்ன செய்ய?"

கொசுவர்த்தி ஏற்றப் போய்விட்டேன். எனக்கு இந்த மனிதர்மேல் இவ்வளவு ஆசை இருப்பது நாற்பத்தெட்டு வயதில் தெரிய வேண்டுமா?

ஆகஸ்ட் 28, புதன்

காலை. உமா குளிக்கிறாள். அடுக்களையில் நான் மட்டும். தட்டு எடுத்து இட்லி வைத்துக்கொண்டேன். வைத்தபிறகுதான் பார்த்தேன், மூன்று.

நான் தின்பது ஒன்று. விருந்தாளி யாரும் இல்லை. பரிமாறியவளும் நான்தான், போதும் என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். பந்தியில் சரி, ஊருக்காக. வீட்டில் யாருக்காக மூன்று வைத்தேன், பதினோரு வருஷமாக? நான் மென்று முடிக்கிறவரை இவர் எழுந்து போய்விடக் கூடாது. அதற்குத்தான்.

இரண்டை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் போட்டேன். கூடத்தைப் பார்த்து, "ஒண்ணும் மிச்சமில்ல, சும்மா வந்து பக்கத்துல உக்காருங்க" என்றேன்.

நாற்காலி நகரும் சத்தம். வருகிறார்.