பாய், இது உங்கள் ஆட்டம் இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஜூலை 9.

அன்பும் மதிப்பும் மிக்க ஹபீப் ரகுமான் பாய் அவர்களுக்கு, குருசாமி எழுதுவது. நாங்கள் நலம். கோயம்புத்தூர் வைத்தியத்தில் உங்கள் வலது கை சற்றேனும் அசைகிறதா?

கோர்ட்டில் மனுக்களோடு காலம் கழித்தவன் என்பதால், சொல்ல வந்ததை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நாம் போனில் ஆடும் செஸ் ஆட்டத்தில், உங்கள் பெயரில் வந்த நகர்த்தல்கள் எல்லாம் கம்ப்யூட்டருடையவை.
2. அதை நான் அறிந்த விதம்.
3. நான் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போவதில்லை.
4. உங்கள் மகள் நாஜியாவுக்கு ஒரு வேண்டுகோள்.

ராஜபாளையத்தில் உங்கள் பெயிண்ட் கடையில் ஆடியபோது, ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயைத் தள்ளிவிட்டு உடனே ராணியை வெளியே இழுப்பீர்கள். "ராணிக்கு வீட்டுக்குள்ள என்னவே சோலி?" என்று அதற்கு ஒரு வசனம் வேறு. பக்கவாதம் வந்து மகள் வீட்டுக்குப் போன பிறகோ, ராணி அசையவே இல்லை. மந்திரி ஓரமாக ஒதுங்கி நின்று பலகை முழுவதையும் குறிபார்க்கிறார். இந்தத் தொடக்கத்துக்குக் கேட்டலான் என்று பெயராம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானே இப்போதுதான் கேள்விப்பட்டேன்.

சந்தேகம் வந்ததும் லேப்டாப்பில் ஒரு செஸ் எஞ்சினை இறக்கினேன். ஒவ்வொரு நிலையையும் அதில் வைத்து, மின்விசிறி இரையும்வரை யோசிக்க விட்டேன். அது முதலாவதாகச் சொன்னதும் நீங்கள் அனுப்பியதும் ஒன்றாகவே இருந்தன. நான்தான் தவறாகப் பதிந்தேனோ என்று முதலிலிருந்து மறுபடி பதிந்தேன். அப்போதும் அதேதான். என் மனைவி வெள்ளைத்தாய்க்குக் கோபம். "அவிய கை எப்பிடி இருக்குன்னு கேக்காம, மெஷினு மெஷினுன்னு எம்புட்டு நேரம் அதையே நோண்டுவீக?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

என் குதிரை சிக்கிவிட்டது, நான் ஆடும் கறுப்பு தோற்றாயிற்று என்கிறது எஞ்சின். சொல்லட்டும். சர்வீஸ் முழுக்க ஒரு ஜூனியர் வக்கீலிடம்கூட நான் குரல் உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்துகிறேன். அதனிடம் தோற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, உலக சாம்பியன்களே தோற்கிறார்கள். ஆனால் நான் ஆட உட்கார்ந்தது உங்களோடு. இந்தத் தோல்வியை ஏற்க மாட்டேன். நீங்கள் ஆடாத ஆட்டத்தில் எனக்கு வெற்றி கிடைத்தாலும் வேண்டாம்.

நாஜியா, அம்மா, நீ வாசித்துக் காட்டுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். தோற்றால் அத்தா மனம் உடைந்துவிடும் என்று பயந்துதான் எஞ்சினைக் கேட்டு அனுப்புகிறாய். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்திருக்க என்னிடம் தோற்று, "இந்தக் குமாஸ்தா மூஞ்சிய நம்பிட்டேன்வே" என்று சிரித்த மனிதர் அவர். இடது கையால் காயைத் தொடட்டும். முடியாவிட்டால் கண்ணால் காட்டட்டும். மட்டமான நகர்த்தலாக இருந்தாலும் அதையே அனுப்பு. எத்தனை நாளானாலும் காத்திருப்பேன்.

இறைவன் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும்.

உங்கள்,
குருசாமி

மறுநாள் காலை:

உறையை இன்னும் ஒட்டவில்லை. கடைசியாக வந்த நகர்த்தலை மட்டும் நான் சோதிக்கவில்லை. குதிரையை வெட்டாமல், யானைக்கு முன்னிருந்த ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தது. எஞ்சினின் ஆழமான சதி ஏதோ இருக்கிறது என்று பயந்து, அதையும் அதன் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். இன்று வைத்துப் பார்த்தால், எஞ்சின் சொல்லும் எந்த யோசனையிலும் அந்த நகர்த்தல் இல்லை. என் குதிரை தப்பிக்கிறது, ஆட்டம் சமம் என்கிறது.

"வாசக்கதவத் தாழ்ப்போட்டுட்டு பொறவு சண்டைக்குப் போவோம்வே" என்று, அடிக்க வேண்டிய நேரத்தில் ஓரச் சிப்பாயைத் தள்ளும் ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

முதல் அம்சத்தில் 'எல்லாம்' என்று நான் எழுதியது தவறு, பாய். அடுத்ததையும் நீங்களே ஆடுங்கள்.