கணவாய்க்கு இந்தப் பக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். குழாயைத் திறந்தால் வெந்நீர். முதுகுப் பையைத் துவைக்கப் போடச் சொல்லி அம்மா பின்னாலேயே நிற்கிறாள். நாளைக்கு என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன். பையில் இன்னும் விறகுப் புகை வாசம், கோவேறு கழுதை வாசம். துவைத்தால் போய்விடும்.

நான் வந்து சேர்ந்தது சனிக்கிழமை. தேவகி இன்னும் அங்கே நடந்துகொண்டிருக்கிறாள்.

இமயமலையில் மூன்று வார நடை, கடைசியில் உயரமான ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். கல்லூரி நாளிலிருந்து இரண்டு பேருக்கும் இருந்த ஆசை. நாலு வருஷமாக ஞாயிறுதோறும் பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு அழகர்மலை ஏறிப் பழகினோம். அங்கே முதல் வாரம் நன்றாகத்தான் போனது. மரங்கள் முடிந்து வெறும் கல்லும் புல்லுமாக வந்த உயரத்தில் தலைவலி ஆரம்பித்தது. அப்புறம் வாந்தி. மறுநாள் காலை ஷூ நாடாவைக் கட்டத் தெரியவில்லை. நாடா கையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. வழிகாட்டி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதே இறங்க வேண்டும் என்றார்.

தே. தன் பையையும் கட்ட ஆரம்பித்தாள். நான் விடவில்லை. உதவியாளர் ஒருவர் கூட வருகிறார், போதும், நீ போ என்றேன். பாதையின் வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டேதான் இருந்தாள். கையை ஆட்டவில்லை. நானும்.

இறங்க இறங்கத் தலை தெளிந்தது. மூச்சு தாராளமாக வந்தது. அப்போதுதான் அழுகை. உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் திரும்ப ஏற முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

வேலைக்குப் போனேன். கே.கே. நகர் கிளினிக். காலையில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க ஒரே கூட்டம். ஒரு பெரியவர், "என்னம்மா முகமெல்லாம் கருத்துப் போச்சு, சித்தாள் வேலைக்கா போற?" என்றார். மலைக்குப் போனேன் என்றேன். கொடைக்கானலா என்றார். ஆமாம் என்று ஊசியைக் குத்தினேன்.

டாக்டரிடம் சொன்னேன். பலவீனம் இல்லை, யாருக்கும் வரும், அடுத்த தடவை மெதுவாக ஏறுங்கள், இடையில் தங்கித் தங்கிப் போங்கள் என்றார். அடுத்த தடவை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

வாங்க: தயிர், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, கொத்தமல்லி, செருப்புக்குத் தையல்.

கொத்தமல்லி மறந்துவிட்டது.

அங்கே இருந்தபோது நான் திட்டாதது எதுவும் இல்லை. கூடாரத்துக்குள் ஒழுகிய மழை. காயாத சாக்ஸ். தினமும் இரவு அதே பருப்பு, அதே சோறு. தோள்பட்டையில் பை அறுத்த இடம். தே. குறட்டை. இப்போது மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். குறட்டை உட்பட.

தோளில் அறுத்த புண் ஆறிக்கொண்டு வருகிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். மேற்கே மேகம், மழை இல்லை.

சாயங்காலம் தே.யின் வீட்டுக்காரர் பாண்டி அண்ணன் வந்தார். திருநகரில் ஹார்டுவேர் கடை. கடையை மூடாமலேயே வந்திருக்கிறார். நாலு நாளாக அவளிடமிருந்து போன் இல்லை. இரண்டு பேர் போகிறீர்கள் என்றுதானே சம்மதித்தேன், ஒரு ஆளாக எப்படி விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டம். மேலே சிக்னல் கிடைக்காது, கூட்டத்தோடுதான் போகிறாள், நல்ல வழிகாட்டி என்றெல்லாம் சொன்னேன். அம்மா வைத்த காபியில் ஆடை படிந்தது. குடிக்காமல் போய்விட்டார்.

அவர் பயந்து கேட்டார். எனக்கோ வேறு ஒன்று. இந்நேரம் பனிக்கோடு தெரிந்திருக்குமா அவளுக்கு?

ஜூன் 13, வெள்ளி

கிளினிக்கில் இருக்கும்போது போன். புது எண். தே.!

கடைசிக் கிராமம். கடைக்காரர் போன். முதலில் வீட்டுக்குப் பேசினாளாம். கணவாயில் புதுப் பனி விழுந்திருக்கிறது. கூட்டத்தில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். மற்றவர்கள் காத்திருந்து, வானம் தெளிந்தால் ஏறப் போகிறார்கள். ஆபத்து என்றால் ஏற்ற மாட்டேன் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். இறங்குவதாக இருந்தால் இன்றே முடிவு சொல்ல வேண்டும்.

"ஸ்டெல்லு, நானும் எறங்கிரவா? அடுத்த வருசம் ரெண்டு பேருமா வருவோம்."

வரிசையில் ஆட்கள். பின்கதவுக்கு வந்துவிட்டேன். வா என்று சொல்ல வாய் வந்தது. நிஜமாகவே வந்தது. அவள் இறங்கினால் கணவாய் அப்படியே இருக்கும், இரண்டு பேருக்கும்.

"நீ ஏறுனா எனக்குப் பொறாமையா இருக்கும்டி. எனக்காக எறங்குனா உம்மேல கோவம் வரும். எனக்காகன்னு எதுவும் செய்யாத. உனக்கு எப்படி இருக்கு?"

போனில் காற்று இரைந்தது.

"எனக்கு ஏறணும்" என்றாள். சின்னக் குரல்.

"அப்ப ஏறு."

அப்புறம் ரத்தம் எடுத்தேன். ஒரு அம்மாவுக்கு இரண்டு தடவை குத்தும்படி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

விடியும் முன்பே நாகமலை. தனியாக. பையில் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டில்கள். மேலேயிருந்து பார்த்தால் காய்ந்த கண்மாய், தென்னந்தோப்பு, பைபாஸில் லாரிகள். மேற்கே வெகு தூரத்தில் கொடைக்கானல் மலை, நீலமாக. கால் இன்னும் ஏறக் கேட்கிறது. மேடு தீர்ந்துவிட்டது.

மாதா கோயில் பூசையில் தே.க்காக வேண்டிக்கொண்டேன். பத்திரமாக இருக்கட்டும். உச்சிக்குப் போகட்டும் என்று வேண்ட நினைத்தேன், பாதியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஆரம்பிக்காவிட்டாலும் வேண்டியிருப்பேனா, தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

தகவல் இல்லை. பாண்டி அண்ணன் மதியம் போன் செய்தார், சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார். ஏறச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என்னையே பார்த்தார். "அவ எங்கிட்டயும் கேட்டா. எறங்குன்னேன்" என்றார். இன்று காபி குடித்தார். டி.வி.யில் வானிலை வந்தபோது இரண்டு பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். சென்னையைச் சொன்னார்கள், வடக்கே மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தாண்டிவிட்டாள்.

மாலை போன் வந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்திலிருந்து. நான் ஒரு மூச்சு அழுதேன், அவளும். அப்புறம் சாப்பாட்டைப் பற்றியே பேசினாள். பழைய சோறு, மோர் மிளகாய். வேர்க்க வேண்டும் போல இருக்கிறதாம். நம்ம ஊர் வெயிலில் மொட்டை மாடியில் போய்ப் படுக்கணும் என்கிறாள். நான் இங்கே ஐஸ் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேலே எப்படி இருந்தது என்றேன்.

"ஒண்ணும் தெரியலடி. ஒரே மூட்டம். நிக்கவே விடல, அம்புட்டுக் காத்து. உன் பேரைச் சொல்லிக் கத்தணும்னு இருந்தேன். வாயத் தொறக்க முடியல."

மூட்டம் என்றதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது எனக்கு. இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

ஜூன் 23, திங்கள்

ஸ்டேஷன். ரயில் தாமதம். பாண்டி அண்ணன் பூ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். தே. இறங்கினாள். மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, பாதி ஆளாக. முதலில் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் ஒரு பையன் தன் அம்மாவிடம்: "அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?"

ஜூன் 29, ஞாயிறு

திருநகர் போனேன். தே. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார் பாண்டி அண்ணன். முகத்தில் பழைய களை வந்திருக்கிறது. அவர் கடைக்குப் போகும்வரை பொதுவாகப் பேசினோம்.

பிறகு சொன்னாள். இறங்கும்போது பனியில் சறுக்கிக் கொஞ்ச தூரம் போய்விட்டாளாம். வழிகாட்டி பையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

"எனக்குப் போதும்டி. ஆசை தீந்துபோச்சு. பயந்து சொல்லல, நெசமாவே தீந்துபோச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக இவளைப் பார்த்ததில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு?"

"தீரல."

"நான் வரலன்னா?"

இதற்கு முன்னால் இதை யோசித்ததே இல்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது.

"போவேன். மெதுவா ஏறுவேன்."

தலையாட்டினாள். கண் கலங்கியது, துடைக்கவில்லை, கையெல்லாம் சோறு. இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.