நூல் அறுந்த கட்டம்

14-2-74, வியாழன்

செவிலிமேட்டில் விளையாட்டு அட்டைகள் செய்யும் இரண்டு நண்பர்களின் பட்டறைக்குப் போனேன். சிறுதொழில் உதவி கேட்டிருக்கிறார்கள். தொழில் தேறுமா என்று நான்தான் அறிக்கை எழுத வேண்டும்.

பரமபத அட்டை மார்கழியில் மட்டும்தான் விற்கிறதாம். அதனால் சேலை நெய்து முடிக்கும் ஆட்டம் ஒன்றைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். என்னையும் தாயக்கட்டை உருட்டச் சொன்னார்கள். நூல் அறுந்த கட்டத்தில் விழுந்தால் மறுபடி முதல் கட்டத்துக்குப் போக வேண்டும். மூன்று முறை விழுந்தேன். அலுத்துவிட்டது. தேறாது என்று மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

அப்போது அட்டை ஒட்டிக்கொண்டிருந்த கோகிலா, தறிக்கார வீட்டுப் பெண், பொறுக்க முடியாமல் கேட்டாள்: "இன்னாண்ணா இது? நூல் அறுந்தா முடிச்சு போட்டுக்கினு மேல நெய்வோம். யாருனா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்களா?"

நண்பர்களில் ஒருவர் என் எதிரிலேயே அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, 'முடிச்சுப் போடு, ஒரு முறை காத்திரு' என்று எழுதினார்.

மறுபடி ஆடினோம். கோகிலாவிடம் தோற்றேன்.

அறிக்கையில் 'தேறும்' என்று எழுதிவிட்டேன். காரணம் எழுத வேண்டிய இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது. ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு, "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டது நான்தான் என்பதை அதில் எப்படி எழுதுவது?