கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள்

பாய்,

உங்கள் பேத்தியின் தலையிலிருந்து எடுத்த கட்டியை, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஆஸ்பத்திரியில் கழிவோடு எரித்துவிட்டார்கள். அது தவறு. நீங்கள் மன்னித்துவிட்டுப் போனீர்கள். நான் மன்னிக்கவில்லை.

இன்று பாபநாசத்தில் உங்கள் உரக்கடைக்குப் போனேன். நுழைந்ததுமே அதே பூச்சிமருந்து நெடி. கல்லாவில் உங்கள் மருமகன். நீங்கள் இருந்திருந்தால், "யோவ், இன்னும் சாகலையா நீ?" என்று கேட்டுவிட்டு டீ சொல்லியிருப்பீர்கள்.

அங்கே உட்கார்ந்துதான், அவள் நோயைப் பற்றி நான் தேடிப்பிடித்துப் படித்ததையெல்லாம் உங்களிடம் ஒப்பித்தேன். ஏழு வயதுப் பிள்ளை. மூளைத்தண்டில், முழுதாக வெட்டியெடுக்க முடியாத கட்டி. கதிர்வீச்சு கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். "இதுக்கு மருந்தே இல்லையாய்யா?" என்றீர்கள். பயிர் கெடாமல் பூச்சி மட்டும் சாக வேண்டுமானால், பூச்சி எதை நம்பிப் பிழைக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தக் கட்டியிலும் அடிக்க வேண்டிய அந்த இடத்தைத்தான் தேடுகிறார்கள், அதற்குக் கட்டியிலிருந்து எடுத்த உயிருள்ள துணுக்கு வேண்டும் என்றேன்.

"பூச்சிமருந்து விக்கிறவனுக்கே பாடமா?" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"இவளுக்கு உதவாதுல்ல?"

"உதவாது பாய். பின்னால வர்ற புள்ளைக்கு உதவலாம்."

"அப்ப குடுத்துருவோம்."

ஷார்ஜாவிலிருந்து, அவளைப் பெற்ற உங்கள் மகன் போனில் அழுதான். "அத்தா, உடம்புலேர்ந்து எடுத்தத மண்ணுலதானே அடக்கணும்?" நீங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டீர்கள். இன்னொரு உயிருக்கு என்றால் கொடுக்கலாம் என்றார் அவர். மகனும் சரி என்றான்.

அறுவையில் கட்டியில் கொஞ்சம் எடுத்து முடித்ததும், அதைக் கொடுக்கிறோம் என்று சொல்ல நீங்களே டாக்டரைத் தேடிப் போனீர்கள். பரிசோதனைக்குப் போக மிச்சத்தைக் கழிவோடு எரிக்க அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "உங்க ஆளுங்க இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்களே, சங்கடப்படுத்த வேணாம்னுதான் கேக்கல பாய்."

நான் கத்தினேன். "விடுய்யா, ஒரு மரியாதைக்குத்தான் கேக்காம இருந்திருக்காரு" என்றீர்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மனதை அவர் தானே முடிவு செய்துகொண்டார். நீங்கள் கடைசிவரை அவருக்கு சலாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்கும் நான் உங்களோடு சண்டை போட்டேன்.

பேத்தி போனாள். பின்னாலேயே நீங்களும்.

இனி, கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா என்று அறுவைக்கு முன்பே டாக்டர் கேட்க வேண்டும், வந்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும். ஆஸ்பத்திரி அந்தத் துணுக்கை, அதன் உயிர் போகுமுன் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் கண்டதைப் பெற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஹஜ்ரத்தும் குருக்களும் பாதிரியாரும், கொடுக்கலாம் என்பதைத் துக்கம் வருமுன்பே ஊருக்குச் சொல்லிவைக்க வேண்டும். நான் அந்த டாக்டரிடம் போய் நிற்க வேண்டும். நிற்கிறேன். என்னைக் கண்டாலே முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும். அடுத்த பிள்ளையின் வீட்டாரை அவர் வாய்விட்டுக் கேட்டார் என்று என் காதில் விழும்வரை போவேன்.