இடைவேளையில் திறக்கும் கேட்

ஜனக்புரி
12 ஜனவரி 2026

செல்வராஜ் அவர்களுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? நேற்றுக் காலிறுதி ஆட்டத்தின்போது கேட்டுக்கு வெளியே நின்று நீங்கள் என் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டது மேடைவரை கேட்டது. போனில் பேசினால் இருவருமே கோபப்படுவோம். அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கால்பந்துப் போட்டி மறைந்த என் கணவர் நடத்தியது. இப்போது அவர் பெயரில் நான் நடத்துகிறேன். இடைவேளையில் கேட்டை எல்லோருக்கும் திறந்துவிடுவது அவர் ஆரம்பித்த வழக்கம். மறுக்கவில்லை. ஆனால் அப்போது டிக்கெட் பத்து ரூபாய். இன்று மைதான வாடகை, ஆம்புலன்ஸ், நடுவர்களுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து நூற்றைம்பது வைக்க வேண்டியிருக்கிறது. பாதி ஆட்டம் இலவசம் என்றால் முழு ஆட்டத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று பொருளாளர் சந்திரசேகர் கேட்டார். அதனால்தான் இந்த வருடம் கேட்டைத் திறக்கவில்லை. உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

அந்தக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் நின்றீர்களாம். அது சரியில்லை.

வைதேஹி கல்யாணராமன்


நரேலா
18.1.2026

அம்மாவுக்கு செல்வராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

சத்தம் போட்டது தப்புதான். ஸ்வெட்டர் சட்டைக்கு உள்ளே இருந்தது.

பதில் இருக்கிறது. நூற்றைம்பது கொடுக்க முடிந்தவர் இடைவேளைவரை ரோட்டில் நிற்க மாட்டார். நிற்கிறவரிடம் நூற்றைம்பது இல்லை. கேட்டை மூடினால் அவர் கவுண்டருக்கு வர மாட்டார், பஸ் ஸ்டாப்புக்குத்தான் போவார். அன்றைக்கு அறுபது பேர் அப்படித்தான் போனோம். அதனால் ஒரு டிக்கெட்டாவது கூடுதலாக விற்றதா என்று சந்திரசேகர் சாரைக் கேளுங்கள்.

நாங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இருந்தவரை மைதானம் நடக்கிற தூரம். போன ஜூனில் இடித்த பிறகு சிலர் நரேலாவில், சிலர் பதர்பூரில், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. இங்கிருந்து இரண்டு பஸ், இரண்டரை மணி நேரம். பந்து பார்க்க மட்டும் யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றால் பழைய ஆட்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கலாம். “என்னடா, உசுரோட இருக்கியா?” என்று கேட்க எங்களுக்கு வேறு இடம் இல்லை.

இப்படிக்கு,
செல்வராஜ்


ஜனக்புரி
22 ஜனவரி 2026

செல்வராஜ் அவர்களுக்கு,

சந்திரசேகரிடம் கேட்டேன். கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுகூட அதிகமா போகலை, மேடம்” என்றார். நீங்கள் சொன்னது சரி.

ஆகவே பிப்ரவரி எட்டாம் தேதி இறுதி ஆட்டத்துக்கு உங்களுக்கு அறுபது இலவச பாஸ் தருகிறேன். பாதி ஆட்டம் அல்ல, முழு ஆட்டமும். கோல் போஸ்டுக்குப் பின்னால் தனி இடம், நாற்காலியுடன். வேறு யாரும் பாஸை வாங்கிக்கொண்டுவிடக் கூடாது. அதனால் அறுபது பேரின் பெயர், ஆதார் எண் எழுதி 31-ஆம் தேதிக்குள் பட்டியல் அனுப்புங்கள். பாஸில் பெயரை அச்சிட்டுவிடுவோம். அவர் இருந்திருந்தால்கூட இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வைதேஹி கல்யாணராமன்


நரேலா
27.1.2026

அம்மாவுக்கு வணக்கம்.

நாற்காலிவரை யோசித்திருக்கிறீர்கள். ஆனால் பட்டியல் அனுப்ப மாட்டேன்.

கேம்ப்பில் வீடு வீடாக வந்து பட்டியல் எடுத்தார்கள். பெயர் இருந்தவனுக்கு நரேலாவில் வீடு, இல்லாதவனுக்கு ஒன்றும் இல்லை. என் தம்பிக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. இன்னொரு பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று என் கையால் எழுத முடியாது.

அந்த கேட்டில் யாரும் பெயர் கேட்டதில்லை. சார் இருந்தபோது கையைத் தட்டி, வாட்ச்மேனிடம் “கேட் கோல் தோ, பையா” என்பார், கேட்டைத் திறப்பா என்று. வந்தவன் வந்தான். பாஸ் வேண்டாம் அம்மா. பழையபடி கேட்டைத் திறப்பதாக ஒரு வரி எழுதுங்கள், வருகிறோம்.

செல்வராஜ்


ஜனக்புரி
9 பிப்ரவரி 2026

செல்வராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கோபம். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

நேற்று இடைவேளையில் நானே போய் வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொன்னேன். ஆட்டம் முடியும்வரை திறந்தே இருந்தது. ஒருவரும் வரவில்லை. வசூல் இதுவரை இல்லாத அளவு. கோல் போஸ்டுக்குப் பின்னால் கத்த ஆளில்லை, வெற்றி கோல் விழுந்தபோது பந்து வலையில் படும் சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

பட்டியல் கேட்டது என் தவறு. நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதாததும் தவறு. இனி ஒவ்வோர் ஆண்டும் இடைவேளையில் கேட் திறக்கப்படும் என்று கமிட்டி நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

வைதேஹி


நரேலா
15.2.2026

அம்மாவுக்கு வணக்கம். நோட்டில் எழுதியதற்கு நன்றி.

பூட்டிய கேட் முன்னால் இன்னொரு தடவை நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. எட்டாம் தேதி இங்கே பார்க்கில் கூடினோம். தொண்ணூறு பேர். என் தம்பியும் பதர்பூரிலிருந்து வந்தான். மைதானத்துக்கு வராத பெண்களும் வந்தார்கள், அவர்களுக்கு பஸ் இலவசம். பிள்ளைகள் செருப்பைக் கோல் போஸ்டாக வைத்து விளையாடினார்கள். “இனிமே இங்கேயே வெச்சுக்கலாம்பா, யாரும் தொறந்துவிட வேணாம்” என்றார் கேம்ப்பில் எங்களோடு இருந்த வெங்கடேஸ்வரன். எல்லோரும் சரி என்றார்கள்.

அதனால் அடுத்த வருடமும் இங்கேதான். கோபம் இல்லை அம்மா. சார் பெயரில் போட்டி நன்றாக நடக்கட்டும். எங்களுக்காக கேட்டைத் திறந்து வைக்க வேண்டாம். வாட்ச்மேனுக்கு வயதாகிவிட்டது, குளிரில் நிற்கவைக்காதீர்கள்.

செல்வராஜ்