ஓடையில் குடிவந்த சக்களத்தி

ஆகஸ்ட் 5

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று வரவேற்புப் பாட்டு எனக்கு மறந்துபோயிற்று.

நைரோபியிலிருந்து வனவிலங்குக் காப்பகத்தைப் பார்க்க வரும் பயணிகளுக்கு எங்கள் ஊர் வாசலில் நான்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பேன், மற்ற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். இன்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எதிரே அரைக்கால் சட்டையில் ஒரு நெட்டைப் பெரியவர் நின்றார். அவர் முழங்காலைப் பார்த்தேன். அதையே பாடிவிட்டேன். 'நெருப்புக்கோழி தன் காலைத் தேடி அழுகிறது, ஐயா, அது உங்களிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்' என்று, மெட்டு கொஞ்சமும் பிசகாமல்.

பெண்களும் வாங்கிப் பாடினார்கள். பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று லெகிஷோனைக் கேட்டாராம். மழைக்கு வேண்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லி வைத்தானாம். பிழைத்துக்கொள்வான்.

லெகிஷோன் கிடாரியின் மகன். கூடார விடுதியில் வழிகாட்டி வேலைக்குப் பழகுகிறான். கிடாரி பாடும்போது உதடுகூட அசங்கவில்லை, கல் மாதிரி முகம். வண்டி போனபின் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உன்னை ஒருநாள் அந்த நெருப்புக்கோழியே மிதிச்சுக் கொல்லும்டி," என்றாள்.

அவள் பெயர் நலாங்கு. அந்தப் பெயரை நான் சொல்லி எத்தனையோ காலமாகிறது. கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில் பஞ்சம், எங்கள் தொழுவம் காலி. அவள் தன் கிடாரிக் கன்று ஒன்றை ஓட்டிவந்து என் வேலிக்குள் விட்டுவிட்டுப் போனாள். எங்கள் வழக்கப்படி கொடுத்தவளும் வாங்கியவளும் அன்றுமுதல் பெயர் சொல்லக் கூடாது, கொடுத்த மாட்டைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவளுக்கு நான் கிடாரி, எனக்கு அவள் கிடாரி. தூரத்திலிருந்து கேட்டால் ரெண்டு மாடு பேசிக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை, இவ்வளவு எழுதியதற்கே வலிக்கிறது.

ஆகஸ்ட் 9

கழுதையை ஓட்டிக்கொண்டு விறகுக்கு ஓடைப்பக்கம் தனியாகப் போனேன். கிடாரிக்குப் பல்வலி, வரவில்லை.

ஓடையின் மேல்கரையில் சாய்ந்த அத்திமரம், அதன் அடியில் பாறை இடுக்கு. கழுதை நின்றுவிட்டது. அடித்தாலும் நகரவில்லை. பார்த்தால் — சிறுத்தை. படுத்திருந்தது. மடியில் ரெண்டு குட்டி, கண் திறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். வீட்டுக்காரர் இரண்டாவதாக ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தால் நான் எப்படிப் பார்த்திருப்பேனோ, அப்படி ஒரு பார்வை. அவர் அப்படி யாரையும் கூட்டி வரவில்லை, அவருக்கு என்னையே தாங்கவில்லை. ஆனாலும் இவள் என் ஓடையில் வந்து குடியேறியிருக்கிறாளே. சக்களத்தி என்று பெயர் வைத்தேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் விடுதி வண்டிகள் வரும். வண்டிகள் வந்தால் காப்பக அலுவலகம் வரும். அலுவலகம் வந்தால் வெள்ளை அடித்த கல்லை நட்டு, இந்த எல்லைக்குள் மாடு நுழையக் கூடாது என்பார்கள். கீழ்ச் சமவெளியைத் தாடிக் காட்டுமாடுகள் மேய்ந்து மொட்டையடித்துவிட்டன. மழை வரும்வரை ஊர் மாடுகள் அத்தனைக்கும் புல்லும் தண்ணீரும் இந்த ஓடையில்தான்.

வீட்டுக்காரரிடமும் சொல்ல மாட்டேன். அவர் தன் வயதுக்காரர்களிடம் சொல்வார். அவர்களிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

ஆகஸ்ட் 10

கிடாரியிடம் மட்டும் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்திருக்கும். "சக்களத்தியா, உனக்கா? பாவம்டி அந்தச் சிறுத்தை," என்றாள்.

ஆகஸ்ட் 13

சக்களத்தி இன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். பெரியவர்களிடம் மரியாதை கிடையாது.

ஆகஸ்ட் 16

கிடாரி வந்திருந்தாள். மணி கோத்தபடி உட்கார்ந்திருந்தாள், கோத்ததையே அவிழ்த்துத் திரும்பக் கோத்தாள். பல்வலி என்று நினைத்தேன்.

பையனைப் பற்றிச் சொன்னாள். விடுதியில் பழகும் இரண்டு பையன்களில் ஒருவனைத்தான் மாதக் கடைசியில் வைத்துக்கொள்வார்களாம். மற்றவன் சிங்கம், காண்டாமிருகம் என்று காட்டுகிறானாம்.

"என் பையன் கண்ணுக்கு முயலுதான் ஆப்புடுது," என்றாள்.

"முயலும் உசிருதானே. காது பெரிசா இருக்கு, படம் நல்லா விழும்," என்றேன்.

சிரிக்கவில்லை. சிறுத்தை இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா, சாயங்காலம் எந்தப் பக்கமாக இறங்கி வரும் என்று கேட்டாள். "அத்திமரத்துப் பக்கம், என் மாமியார் நடை மாதிரி, யாரையும் பாக்காம," என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 20

மேட்டிலிருந்து பார்த்தேன். ஓடைக் கரை முழுக்க வண்டி. மேலே திறந்த வண்டிகள், எல்லாவற்றிலும் தலை. அத்திமரத்தை வளைத்துக்கொண்டு நிற்கின்றன. பின்னால் வந்தவன் முன்னால் வரப் பார்க்கிறான், புழுதி மரத்தை மறைக்கிறது. சக்களத்தி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறினாள். அங்கேயும் ஒரு வண்டி. திரும்பினாள். பிறகு புழுதிதான், ஒன்றும் தெரியவில்லை.

இருட்டும்வரை மற்ற குட்டி கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் கழுதைப்புலிகளின் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

எவனாவது ஓட்டுநர் தடம் பார்த்திருப்பான். வேறென்ன?

கிடாரி வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தாள், வாயில் வைக்க முடியவில்லை. "விடுடி, காட்டு மிருகம்தானே, வேற எடத்துல பெத்துக்கும்," என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, டீயைப் பார்த்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 22

அலுவலகத்து ஆள் வந்தார், சின்ன வயசு, பெரிய தொப்பி. மரத்தடியில் ஊரைக் கூட்டினார். ஓடையை மூடியாயிற்று, தாயும் ஒரு குட்டியும் மிச்சம், அவற்றைப் பாதுகாக்க வேண்டும், மழை வந்ததும் கல்லை எடுத்துவிடுவோம் என்றார். அந்த வண்டிகளுக்கும் சேர்த்துத்தான் கல்லா என்று கேட்டேன். வண்டிகள் புல் தின்னாது என்றார். ஊரே சிரித்தது. வழக்கமாக என் பேச்சுக்குத்தான் சிரிப்பார்கள்.

வீட்டுக்காரர் நாளை மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார். நடக்க முடியாத மாடுகளும் நடந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 23

இன்று தெரிந்தது.

பாட்டு முடிந்து மணிமாலைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தோம். ஒரு பயணி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். படத்தைக் காட்டுகிறாள் — அத்திமரம், சிறுத்தை, வாயில் குட்டி. லெகிஷோன் பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னான்: "சின்னம்மா, சக்களத்தியப் பாத்தாங்களாம். பேரு ரொம்ப நல்லாருக்காம்."

கையை இழுத்துக்கொண்டேன்.

"யார்றா வெச்ச பேரு அது?"

"அம்மாதான். அம்மாதான் எடம் சொன்னாங்க, பேரும் அவங்க வெச்சதுதான். என்ன வாய் பாருங்க அம்மாவுக்கு," என்றான். பெருமையாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தலையில் புதுத் தொப்பி. வேலை அவனுக்குத்தான்.

ஓடையைக் கொடுத்தாள், சரி. அந்தப் பெயரையுமா? நான் சிரித்துச் சொன்னது, அவளுக்கு மட்டும் சொன்னது — அதையும் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு...

வீட்டுக்கு வந்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. மாடில்லாத தொழுவத்தில் கொஞ்சநேரம் நின்றேன். பைத்தியக்காரி மாதிரி.

ஆகஸ்ட் 24

காலையில் முதல் வண்டி வந்தது. வரிசையில் நின்றோம். அவள் எப்போதும்போல என் இடதுபக்கம் வந்து, "கிடாரி, தள்ளி நில்லுடி," என்றாள்.

"நல்லா நில்லு, நலாங்கு," என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்த வரிசையில் சின்னப்பெண்கள் சிலருக்கு அவள் பெயர் நலாங்கு என்பதே இன்றுதான் தெரியும். ஒருத்தி கையிலிருந்த மணிமாலை கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பாட்டை எடுத்துக் கொடுத்தேன். இன்று ஒரு சொல்லும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 29

பாடப் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 6

மலையிலிருந்து ஆள் வந்தது. ஏற்றத்தில் எங்களது சில மாடுகள் படுத்தவை எழுந்திருக்கவில்லையாம். ஒரு கன்றை வீட்டுக்காரர் தோளில் போட்டு நடந்திருக்கிறார். மேலே போனபின் பார்த்தால் செத்துப்போயிருந்ததாம். எப்போது செத்தது என்று தெரியவில்லை என்றாராம். அவருடைய முதுகுவலியைப் பற்றி நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 9

அவள் வந்தாள். உட்காரச் சொல்லவில்லை, தானே உட்கார்ந்தாள்.

"திட்டிடுடி. திட்டாம இருக்காத. நீ சும்மா இருந்தா பயமாருக்கு."

"எதுக்குத் திட்டணும்? உன் பையனுக்கு வேலை கெடச்சிருக்கு. நல்ல சேதிதானே, நலாங்கு."

"அப்படிக் கூப்புடாத."

நான் அடுப்பை ஊதினேன்.

"எனக்கு ஒரே பையன். வேற எங்க போவான்? நைரோபில போய் யார் வீட்டுக் கதவுக்காவது காவல் நிப்பான். அதுக்குத்தான் பெத்தேனா?"

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல வரவில்லை. "மாட்டேன்," என்றேன்.

"அதான் கேக்கல." எழுந்துகொண்டாள். "என் மாடும்தான் மலையில விழுந்து கெடக்கு. உன்னுது மட்டும் இல்ல. தெரிஞ்சுதான் செஞ்சேன். பையனா மாடான்னா, பையன்னு எடுத்துக்கிட்டேன்."

வாசல்வரை போய்த் திரும்பினாள். "பேரு விஷயம் தப்புதான். அவன் கேட்டான், பேரிருக்கான்னு. வாய்ல வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. என் பேச்சுக்கு யாரும் சிரிச்சதே இல்லடி, எப்பவும் உனக்குத்தான் சிரிப்பாங்க."

போய்விட்டாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மாட்டைவிட, ஓடையைவிட, இதுதான் இப்போது குடைகிறது. இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று சிரித்தாளே, அப்போதெல்லாம் உள்ளே இதுவும் இருந்ததா? எப்போதிலிருந்து?

அக்டோபர் 19

மழை. விடிய விடிய.

அக்டோபர் 27

மாடுகள் வந்துவிட்டன. எலும்பும் தோலும். வீட்டுக்காரரும் அப்படித்தான், ஆனால் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. "உடம்பு சரியில்லையா உனக்கு?" என்று கேட்டார்.

ஓடைக்கு ஓட்டிப் போனார். கல் அப்படியே இருக்கிறது. மழையில் கரைந்த சுண்ணாம்பை மறுபடி புதிதாக அடித்துக்கொண்டிருந்தார்களாம். மழை வந்தால் எடுப்போம் என்றீர்களே என்றதற்கு, அத்திமரத்தடிக்கு வரும் பயணிகள் பெருகிவிட்டார்கள், மேலிடம் யோசிக்கிறது என்றார்களாம்.

சுண்ணாம்பு அடித்த ஆளுக்கு வழி காட்டிக்கொண்டு நின்றது லெகிஷோன்.

அக்டோபர் 30

நலாங்குவிடம் வாங்கியதற்கு ஈடாக ஒரு கிடாரியைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரரின் வயதுக்காரர்கள் டீ குடிக்க வந்திருந்தார்கள், அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அப்படி ஒரு வழக்கமே கிடையாதும்மா. மாட்டைத் திருப்பலாம். பேரை எப்படித் திருப்புவே?" என்றார் ஒருவர்.

"அது அவ பாடு," என்றேன்.

"இவ என்னைக்கு யார் பேச்சைக் கேட்டா?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் சாயங்காலம் மிச்சமிருந்தவற்றில் நல்ல கிடாரியாக அவரே பிடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

அக்டோபர் 31

கிடாரியை ஓட்டிக்கொண்டு போனேன். அவள் வீட்டில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தாள். வாசலில் நீட்டிக்கொண்டிருந்த கம்பில் கட்டினேன். கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதாகத்தான் திட்டம்.

கிடாரிக்கு மலையில் உண்ணி பிடித்திருக்கிறது, அரிப்பு. போய்ச் சுவரில் உரசிற்று. மழையில் ஊறிய சாணிச்சுவர். ஒரு பக்கத்துப் பூச்சு மொத்தமாக உள்ளே பெயர்ந்து விழுந்து, குச்சிச் சட்டம் மட்டும் நின்றது. உள்ளே கட்டில் தெரிந்தது, கட்டில்மேல் லெகிஷோனின் புதுச் சட்டை மடித்து வைத்தது தெரிந்தது, அதன்மேல் சுவர் தெரிந்தது.

மாடு உடைத்தால் மாட்டுக்காரி பூச வேண்டும். அது வழக்கம். ஆனால் மாடு இப்போது யாருடையது? நான் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. நின்று யோசித்துப் பார்த்தேன், அப்புறம் சாணி அள்ளப் போனேன்.

அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். எதற்கு வந்தேன் என்று புரிந்துவிட்டது. குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய், உள்பக்கமிருந்து பூச ஆரம்பித்தாள். நான் வெளிப்பக்கம். நடுவில் குச்சிச் சட்டம். சுவர் ஏற ஏற முதலில் அவள் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு முகம்.

முகம் மறைந்தபின் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கிடாரி, அந்த மூலையில சாணி பத்தல."

"பத்தும், நலாங்கு," என்றேன்.

மாலைவரை பூசினோம். மாட்டை அவிழ்த்தேனா, அவள் அவிழ்த்தாளா தெரியவில்லை, நான் கிளம்பும்போது அது எனக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. திருப்பி ஓட்டவும் இல்லை.

பாதி வழியில்தான் பார்த்தேன். என் இடதுகால் செருப்பு இல்லை. சேறு மிதிக்கும்போது கழற்றி வைத்தது. சாணியோடு சேர்த்து அவள் வீட்டுச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறேன். நன்றாகக் காய்ந்துவிடும்.