கெளுத்தியின் மீசை

1973 மார்ச் 6, செவ்வாய்

நாவல் முடிந்தது. நூற்று எண்பத்திரண்டு பக்கம். நாலு வருஷமாக மீன்பண்ணை ஆபீசில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியது. ஒரு குளம், அதில் ஒரு கிழக் கெளுத்தி. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டே, எந்தக் கெண்டை எங்கே நீந்தலாம், எப்போது தூங்கலாம், யாரோடு பேசலாம் என்று எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது. தட்டச்சு செய்துகொண்டிருந்த என் மனைவி விலாஸ்தா நாற்பதாம் பக்கத்தில் சிரிப்புத் தாங்காமல் நிறுத்திவிட்டாள். "இது எங்கம்மாவேதான்," என்றாள்.

வேறு யார்? ஹெட்விகா அத்தை எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். எங்களுக்கு வரும் கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரிக்கிறார். சோபாவில் நான் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. மேலுதட்டில் லேசாக மீசையும் உண்டு. கெளுத்திக்கும் உண்டு.

அம்மாவிடம் மூச்சு விடமாட்டேன் என்று விலாஸ்தா சத்தியம் செய்திருக்கிறாள்.

மார்ச் 19

நூலகத்து ஒட்டிலியாவிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். இன்று போனதும் கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். "எவ்வளவு துணிச்சல் உங்களுக்கு," என்றார். கண் கலங்கியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் குளத்துப் பனிக்கட்டி உடைகிற பத்தி எப்படி என்று கேட்டேன். அந்த ஒரு பத்திக்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது.

"புரிஞ்சுது. அறுபத்தெட்டு. டாங்கிங்க வர்றதுக்கு முந்தின வசந்தம்," என்றார்.

நான் பனிக்கட்டியைத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 11

யாரோ கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுக்கிறார்கள். கறிக்கடைக்காரர் வரிசையில் என்னைக் கண்டதும் உள்ளே போய், யாருக்கும் காட்டாத பன்றித் தொடைக்கறியைப் பொட்டலம் கட்டித் தந்தார். எதற்கு என்றேன். உதடு அசையாமல், பதினோராம் அத்தியாயத்துக்கு என்றார். அதில் கெளுத்தி தன் பிறந்தநாளுக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கைதட்ட வைக்கிறது. போன ஜூலையில் எங்கள் சமையலறையில் நடந்தது.

ஏப்ரல் 12

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கறி நன்றாக இருந்தது.

மே 3

மாவட்டக் கட்சி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு. உறையை அத்தை ஏற்கெனவே பிரித்திருந்தார். எனக்கு அந்த வேலை மிச்சம்.

மே 7

தோழர் ஸ்மேகால் என்பவர் விசாரித்தார். என்ன சொல்ல — இதுவரை அவர் ஒருவர்தான் நாவலை நாவலாகப் படித்திருக்கிறார். ஐந்தாம் அத்தியாயத்தில் அடைமொழிகள் அதிகம் என்றார். உண்மைதான். பனிக்கட்டிப் பத்தியை வாய்விட்டு வாசித்துக் காட்டினார். எனக்கு மெய்சிலிர்த்தது — அந்த இடத்தில், அந்த ஆளிடம்! வெட்கமாயில்லையா எனக்கு?

பிறகுதான் கேட்டார்: "இந்த மீசை யாருதுன்னு சொல்லுங்க."

மாமியாருடையது என்றேன். அவர் சிரிக்கவில்லை. போன வருஷம் ஒருவர் கழுகுக் கதை எழுதிவிட்டு, கழுகு தன் பெரியப்பா என்றாராம். இப்போது நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறாராம். உங்கள் மாமியார் நேரில் வந்து, கெளுத்தி நான்தான் என்று கையெழுத்துப் போடட்டும், வெள்ளிக்கிழமை கெடு என்றார். இல்லாவிட்டால் என் வேலையும் போகும், விலாஸ்தாவின் பள்ளிக்கூட வேலையும் போகும்.

மே 8

சொல்லவில்லை.

மே 9

விடுதலை நாள் விடுமுறை, ஊர்வலம். அத்தை என் கோட்டில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார். சொல்லவில்லை.

மே 10

சொல்லிட்டேன். மாவு பிசைஞ்சிட்டிருந்தாங்க. அப்படியே போட்டுட்டு, "குடுங்க,"ன்னாங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சமையலறையிலயே உட்கார்ந்து படிச்சாங்க. நானும் விலாஸ்தாவும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னோம். ஒருதரம்கூடச் சிரிப்புச் சத்தம் வரலை. முடிச்சதும் ஒரே கேள்வி: நாளைக்கு எத்தனை மணிக்கு?

என்ன சொல்லப் போறாங்க? ஒரு வார்த்தையில என்னைச் சுரங்கத்துக்கு அனுப்பிடலாம். அவங்க இடத்துல நானா இருந்தா — அனுப்பியிருப்பேன்.

மே 11

இழவுக்குப் போடும் தொப்பியோடு வந்தார். ஸ்மேகால் நாற்காலி போட்டு, கெளுத்தி யார் என்று கேட்டார். நான்தான் என்றார் அத்தை. கடிதம், சோபா, பிறந்தநாள் எல்லாவற்றையும் பக்க எண்ணோடு ஒப்புக்கொண்டார். ஸ்மேகால் மீசைக்கு வந்தார். அத்தை எழுந்து ஜன்னலருகே போய், வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பினார்.

"கிட்ட வந்து பாத்துக்கோங்க தம்பி."

அவர் வரவில்லை.

"நீங்க யாரு மீசைன்னு நெனச்சீங்க?"

ஸ்மேகாலின் கண் சுவரில் மாட்டியிருந்த தலைவர் படத்துக்குப் போய்த் திரும்பியது.

"கடிதத்தப் பிரிக்கிறது, எல்லாரையும் நிறுத்திக் கைதட்ட வைக்கிறது — இதப் படிச்சதும் உங்களுக்கு யாரு ஞாபகம் வந்துச்சோ, அந்தப் பேரையும் அதே தாள்ல எழுதுங்க. அதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க. நானும் போடறேன்."

ஸ்மேகால் பேனாவை மூடினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தை என்னிடம் பேசவில்லை.

மே 28

முழுசாகத் தப்பவில்லை. ஆபீஸ் நாற்காலி போயிற்று. இனி வலை இழுக்கும் குழுவில் வேலை. விலாஸ்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கறிக்கடைக்காரர் எலும்பாகப் பொறுக்கிப் போட்டு, "மாமியாராமே," என்றார். ஒட்டிலியா நம்ப மறுக்கிறார். நான் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லையாம்.

இருக்கலாம். நான் ஒரு சமையலறையை எழுதினேன். ஊரே அதில் நாட்டைப் பார்த்தது. ஸ்மேகால் பார்த்ததும் அதைத்தானே? அப்புறம் தப்பு என்று யாரிடம் வாதாடுவது?

அத்தை இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 17

குளத்தை வடித்து மீன் பிடித்தோம். இடுப்பளவு சேறு. மதியம் சூப்புத் தூக்கோடு வந்தது விலாஸ்தா இல்லை, அத்தை. ஐந்து மாதத்துக்குப் பிறகு, கரையில் நின்றபடி, ஆட்கள் எல்லார் முன்னாலும் என்னோடு பேசினார்.

"மாப்ளே, கடைசி அத்தியாயம் சரியில்ல. வெள்ளம் வருது, கெண்டைங்க எல்லாம் வேற குளத்துக்குப் போயிடுது. சரி. மறுநாள் காலைல அந்தக் கெளுத்தி எந்திரிச்சு என்ன பண்ணுச்சு? அத ஏன் எழுதல?"

அதை யோசித்ததே இல்லை என்றேன்.

"நெனச்சேன்," என்றார்.

வலையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறினேன். நீங்களே சொல்லுங்கள் அத்தை, நிதானமாக, என்றேன். சூப்பு ஆறிப்போயிற்று.